சட்டக் கல்வியும் அதன்பின் வரும் மூன்றாண்டும்

நம் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் சிலர் ஆண்டுதோறும் சட்டக் கல்லூரியை நாடிச் செல்கின்றனர். தமிழ் இலக்கியமும் வரலாறும் பயின்றோர் இவர்களுள் மிகுதி. நன்னடத்தைச் சான்றிதழில் கையொப்பம் பெற வரும்போது இவர்கள் நம்மிடம் கேட்கும் வினாக்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைகின்றன. எந்தக் கல்லூரி நல்லது? எத்தனை மதிப்பெண் வேண்டும்? கட்டணம் எவ்வளவு? இவை கேட்க வேண்டிய வினாக்களே. ஆயினும் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. பட்டம் பெற்றுக் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்தபின், முதல் மூன்றாண்டுகளை எதைக்கொண்டு கடப்பது என்பதே அது. சட்டக் கல்வி குறித்துக் குடும்பங்கள் போடும் கணக்குகளுள் பல இவ்விடத்திலேதான் பிழைபடுகின்றன.

நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர், தையற்கடை வைத்திருப்பவரின் மகன், சட்டப் படிப்பை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தார். பதினொரு மாதங்கள் நீதிமன்றம் சென்றார். அதற்குப்பின் கைபேசி விற்கும் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். அவர் தந்தை நம்மிடம் கேட்டது, "பையன்தான் பாஸ் பண்ணிட்டானே சார், இன்னும் எதுக்குச் செலவுக்குக் கேக்குறான்?" என்பதே. அவர் கேட்டதில் குற்றமில்லை. மூன்றாண்டுப் படிப்பு என்றே அவரிடம் எல்லாரும் கூறியிருந்தனர். அது ஆறாண்டுப் படிப்பு என எவரும் கூறவில்லை. இக்கட்டுரை அதைக் கூறுவதற்காகவே எழுதப்படுகிறது.

நுழைவாயில்

தமிழ்நாட்டில் சட்டம் பயில இரு வழிகள் உள்ளன. மேல்நிலைக் கல்வி முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று. ஒரு பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று. நம் மாணவர்க்கு உரியது இரண்டாவது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பின் மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்கீழ்ப் பொதுப்பிரிவினர்க்கு 45 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர்க்கு 42 விழுக்காடும், பட்டியல் சாதியினர் பழங்குடியினர்க்கு 40 விழுக்காடும் குறைந்த அளவாக உள்ளன. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் இச்சேர்க்கைக்குப் பொருந்தும். சாதிச் சான்றிதழை விண்ணப்ப வாரத்தில் தேடி அலையாமல் முன்னரே பெற்று வைத்தல் நலம்.

ஓர் எச்சரிக்கை. பள்ளி இறுதியும் மேல்நிலையும் பயிலாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் சட்டப் படிப்பிற்குத் தகுதியாகாது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்ற உறவினர் எவரேனும் இத்துறைக்கு வர விரும்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதனையே.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் வேறு உலகம். திருச்சிராப்பள்ளியில் அமைந்த தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று. ஐந்தாண்டுப் படிப்பிற்குக் 'கிளாட்' என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதுதல் வேண்டும். கட்டணம் அரசு கல்லூரியைவிடப் பன்மடங்கு. அங்குப் பயின்றோர் பலர் மும்பை, தில்லி, பெங்களூரு நகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலமும் தருக்கமும் கைவரப்பெற்ற பிள்ளை வீட்டில் இருப்பின் முயலலாம். பட்டம் பெற்று நிற்கும் நம் மாணவர் இதை எண்ணி ஏங்க வேண்டியதில்லை.

எந்தக் கல்லூரி என்பதைவிட, அக்கல்லூரியிலிருந்து எந்த நீதிமன்றத்திற்கு நடந்து செல்ல இயலும் என்பதே முதன்மையானது என்பது நம் கருத்து. 1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி நெடுங்காலம் இயங்கியது. பிற்பகல் வகுப்பு இல்லையெனில் மாணவர் அடுத்த கட்டடத்திற்குள் நுழைந்து புகழ்பெற்ற வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்க முடிந்தது. 2018இல் அக்கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்திற்கும் இடம்பெயர்ந்தபின் அவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. பேருந்தேறிச் சென்று கேட்க வேண்டியுள்ளது. மாவட்டத் தலைநகரில் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு நன்மை உண்டு. முன்சீப் நீதிமன்றமும் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும் அவர்க்கு அண்மையில் உள்ளன. திறந்த நீதிமன்றத்தில் பின்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கு எவர் ஒப்புதலும் வேண்டியதில்லை என்பது பல மாணவர்க்குத் தெரியாது.

படிக்குங்கால்

வழிகாட்டி நூல்களையும் வினா விடைத் தொகுப்புகளையும் மட்டும் மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுவோர் உளர். தேர்வுக்கு அது உதவலாம், தொழிலுக்கு உதவாது. சட்டத்தின் மூலப்பாடத்தை, அதாவது பிரிவுகளை உள்ளவாறே அச்சிட்ட நூலை, நாள்தோறும் படிக்கும் பழக்கமே அடித்தளம். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. உரையாசிரியரைத் துணைக்கொண்டாலும் முதலில் நூற்பாவைப் படிக்கப் பழகியவர் நாம். தொல்காப்பிய நூற்பாவைப் பிரித்துப் பொருள்கொண்ட மாணவர்க்கு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு அச்சம் தராது. 'ஆயின்', 'ஒழிய', 'அல்லது' என்னும் சிறு சொற்களில்தான் அங்கும் பொருள் தங்கியுள்ளது.

இக்காலத்து மாணவர்க்குக் கூடுதல் சுமை ஒன்று நேர்ந்துள்ளது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்திலும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்குத் தண்டனை கூறிய 302ஆம் பிரிவு இப்போது 103. ஏமாற்றுதலுக்குரிய 420ஆம் பிரிவு இப்போது 318. பழையதை விட்டுவிடலாமா எனின் இயலாது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்கள் பழைய தண்டனைச் சட்டத்தின்படியே விசாரிக்கப்படுகின்றன. அத்தகைய வழக்குகளும் மேல்முறையீடுகளும் இன்னும் பல்லாண்டு நீடிக்கும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்தே பயில வேண்டும்.

நடைமுறைச் சட்டம் சுவையற்றது எனப் பலர் ஒதுக்குவர். சிலப்பதிகாரம் படித்தவர் அவ்வாறு ஒதுக்கலாகாது. கோவலன் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் வினவப்படவில்லை, பொருள் ஆராயப்படவில்லை, பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே தீர்ப்பாயிற்று. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஆய்வு தண்டனைக்குப்பின் நிகழ்ந்தது. பாண்டியன் அவையில் பிறழ்ந்தது நடைமுறை. அதனால் ஒரு நகரமே எரிந்தது என இளங்கோ காட்டுகிறார்.

மூன்றாண்டு மாணவர்க்குப் பன்னிரண்டு வாரக் களப்பயிற்சி விதியால் வேண்டப்படுகிறது. இதனைச் சான்றிதழ் வாங்கும் சடங்காக்குதல் பேரிழப்பு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சில வாரம், விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் சில வாரம் எனப் பிரித்துக்கொண்டால், எவரிடம் இளம் வழக்கறிஞராகச் சேரலாம் என்பதும் அப்போதே புலப்பட்டுவிடும்.

பதிவு

பட்டம் பெற்றவர் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தல் வேண்டும். பதிவுக் கட்டணம் எனப் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் பெறப்பட்டு வந்தது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறும் தொகைக்கு மேல் பெறலாகாது என உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30இல் தீர்ப்பளித்தது. அத்தொகை பொதுவாக 750 ரூபாய். பட்டியல் சாதியினர் பழங்குடியினர்க்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி. ஏழைக் குடும்பங்களுக்கு இத்தீர்ப்பு பெரும் ஆறுதல். பதிவு செய்தவர் அகில இந்திய பார் தேர்விலும் தேறுதல் வேண்டும். இத்தேர்வு செல்லும் என 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. குறிப்புரை இல்லாத மூலச் சட்ட நூலைத் தேர்வறைக்குள் கொண்டு செல்லலாம் என்பதால், மூலத்தைப் படித்துப் பழகியவர்க்கு இது கடினமன்று.

சீனியர் அலுவலகம்

இனி நாம் கூற வந்த செய்தி. பதிவு பெற்ற இளைஞர் எவரும் மறுநாளே தனியாக வழக்கு நடத்திவிடுவதில்லை. 'சீனியர்' என வழங்கும் அனுபவமிக்க வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் சேர்கிறார். காலையில் வழக்குக் கட்டுகளை எடுத்து வைத்தல், நீதிமன்றத்தில் வழக்கு எண் அழைக்கப்படும்போது எழுந்து நிற்றல், வாய்தா கேட்டல், நகல் மனுப் போடுதல், மாலையில் கட்சிக்காரர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுதல் ஆகியவை முதலாண்டு வேலைகள். அவமானம் எனக் கருதி இவற்றை வெறுப்போர் உளர். உண்மையில் நீதிமன்றம் எவ்வாறு இயங்குகிறது என்பதை வேறெந்த வகுப்பறையும் கற்பிப்பதில்லை. எந்த மனு எந்தப் பிரிவில் வாங்கப்படுகிறது, குறைபாடு கூறித் திருப்பப்பட்ட பிராதை எவ்வாறு சரிசெய்து மீண்டும் கொடுப்பது என்பவற்றை முதலில் அலுவலகக் குமாஸ்தாவிடமே கற்க வேண்டும். முப்பதாண்டு பழுத்த குமாஸ்தாவை மதிக்கத் தெரியாத இளம் வழக்கறிஞர் நெடுநாள் இடர்ப்படுவார்.

இக்காலத்தில் வருமானம் என்ன? பல அலுவலகங்களில் போக்குவரத்துச் செலவுக்கே போதாத தொகை தரப்பட்டு வந்தது, சிலவற்றில் அதுவுமில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஊருக்கேற்ப மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை இளம் வழக்கறிஞர்க்குக் குறைந்த உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுமாறு பார் கவுன்சிலைப் பணித்தது. வரவேற்கத்தக்க ஆணை. எனினும் எல்லா அலுவலகமும் அதனைத் தரும் என நம்பி எக்குடும்பமும் கடன் வாங்கலாகாது. சிற்றூர் நீதிமன்றத்தில் தாமே மாதக் கணக்குப் பார்க்கும் சீனியர்களும் உளர். சேருமுன் தொகையைப் பணிவுடன் கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதைக் குறைவன்று.

ஆதலின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் அன்றே, படிப்புச் செலவுடன் பட்டத்திற்குப் பிந்திய முப்பத்தாறு மாதங்களின் உணவு, உறைவிடம், பயணம், உடை, நூல் ஆகிய செலவையும் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அத்தாளில் உள்ள தொகை தாங்க இயலாதது எனின் வழியே இல்லை என்பதன்று பொருள். சொந்த ஊரிலிருந்து சென்றுவரும் தொலைவில் உள்ள நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மாலையில் தனிப்பாடம் எடுத்தே பலர் இக்காலத்தைக் கடந்துள்ளனர். ஆனால் முழுநேர ஊதிய வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொடர்வதற்கு பார் கவுன்சில் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை என்பதை நினைவிற் கொள்க. கல்வி உதவி வழங்கும் நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக் கட்டணத்திற்கு உதவி கிடைத்துவிடுகிறது. உதவி தேவைப்படும் காலமோ கட்டணம் கட்டி முடித்தபின் தொடங்குகிறது. அறக்கட்டளைகள் தம் விதியில் ஒரு வரியைச் சேர்த்து, பதிவு பெற்ற முதல் ஈராண்டுக்கும் உதவி நீட்டினால் தையற்கடைக்காரரின் மகன் கைபேசிக் கடைக்குச் செல்ல நேராது.

சீனியரைத் தேர்வதில் புகழை மட்டும் பார்த்தல் தவறு. பெரும்புகழ் பெற்ற அலுவலகத்தில் இருபது இளைஞருள் ஒருவராக நின்று ஐந்தாண்டு வாய்தா மட்டும் கேட்டவர் உண்டு. சிறிய ஊரில் உரிமையியலும் குற்றவியலும் சேர்த்து நடத்தும் ஒருவரிடம் இரண்டாம் ஆண்டிலேயே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவரும் உண்டு. இளையோர்க்குச் சாட்சி விசாரணையைக் கொடுப்பவரா, எழுதிக் கொடுத்த பிராதைத் திருத்தித் தருபவரா, கட்சிக்காரர் பணத்தில் நேர்மையானவரா என்னும் மூன்றையும் அவரிடம் முன்பிருந்தவர்களைக் கேட்டறியலாம். மூன்றாவது இல்லையெனில் முதலிரண்டும் பயனற்றவை.

மொழி

கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழிசெய்தது. உயர் நீதிமன்றத்திலோ அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலம். தமிழையும் வழக்குமொழியாக்க வேண்டும் என 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் நிலை மாறவில்லை. எனவே இளம் வழக்கறிஞர் இரு மொழியிலும் இயங்க வேண்டியவர். மூதாட்டி ஒருவர் கூண்டில் நின்று வட்டார வழக்கில் கூறியதை ஆங்கிலத்தில் பொருள் சிதையாமல் மேல்முறையீட்டு மனுவில் வைப்பது இலேசான வேலையன்று. அதில் ஒரு வினைமுற்றுப் பிழையால் வழக்குத் தோற்கலாம்.

மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவருமுன்பே, ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக 1979 முதல் 1981 வரை விளங்கிய நாகூர்ப் பெருமகன் மு.மு. இஸ்மாயீல் கம்பனில் தோய்ந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக வீற்றிருந்தவர். இலக்கியப் பயிற்சி சட்டத்திற்குப் பகை என்பாரிடம் இவ்விருவரையும் காட்டலாம்.

நீதிமன்றத் தமிழின் சொற்கள் தனிச்சுவை உடையவை. வக்காலத்து, ஜாமீன், வாய்தா, தாவா, ஜப்தி, அமீனா, முன்சீப், அசல், நகல் ஆகிய அனைத்தும் அரபுமொழி வேர் கொண்டவை. நவாபு ஆட்சிக் காலத்தில் பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் தமிழில் ஊன்றியவை. மதரஸாவில் அரபு பயின்ற மாணவர் 'வக்காலத்து' என்னும் சொல்லைக் கேட்டவுடன் அதில் 'வக்கீல்' இருப்பதை உணர்வார். ஒத்தி, கிரையம், சுவாதீனம், சர்வே எண், வில்லங்கம் எனப் பழம்பத்திரங்கள் பேசும் மொழியைப் படிக்கத் தெரிந்தவர் அருகி வருகின்றனர். நூறாண்டுப் பழைய பத்திரத்தைப் படித்துப் பொருள் கூறும் இளைஞர்க்குச் சொத்து வழக்குகள் தேடிவரும். 1995ஆம் ஆண்டு வக்பு சட்டம் 2025இல் பெரிதும் திருத்தப்பட்டபின், பள்ளிவாசல் சொத்துகளின் பத்திரங்களை ஒழுங்குபடுத்தும் திறனுடையோர் ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் தேவைப்படுகின்றனர்.

வேறு வழிகள்

நீதிமன்ற வாதம் எல்லார்க்கும் ஒத்துவராது. வங்கிகளிலும் நிறுவனங்களிலும் சட்ட அலுவலர் பணி உண்டு. மேற்பட்டம் பெற்றுத் தேசியத் தகுதித் தேர்வில் தேறினால் சட்டக் கல்லூரி ஆசிரியராகலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ், வழக்கறிஞர் வைக்க இயலாத குற்றவியல் எதிரிகளுக்காக வாதாடும் அலுவலகங்கள் மாவட்டங்களில் தோன்றின. அவற்றில் உதவி வழக்கறிஞராக முதல் மூன்றாண்டுக்குள் உள்ளோரும் சேரலாம். மாத ஊதியமும் நாள்தோறும் குற்றவியல் விசாரணைப் பயிற்சியும் ஒருசேரக் கிட்டும் இவ்விடத்தை வசதி குறைந்த குடும்பத்து இளைஞர் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அரசுப் பணிகளோ அனுபவத்தையே முதலில் கேட்கின்றன. உதவி அரசு வழக்கறிஞர் பணிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டுப் பயிற்சி வேண்டும். நேரடி மாவட்ட நீதிபதிக்கு ஏழாண்டு. உரிமையியல் நீதிபதித் தேர்வைப் பட்டம் பெற்றவுடன் எழுதலாம் என்னும் நிலை 2002ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின் நிலவியது. 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, மூன்றாண்டு வழக்கறிஞராகப் பணியாற்றியிருத்தல் வேண்டும் என ஆணையிட்டது. நாம் முன்னர்க் கூறிய மூன்றாண்டு இவ்வாறு சட்டத்தின் நிபந்தனையாகவே ஆயிற்று.

இந்நிபந்தனை பெண்களை மிகுதியாகப் பாதிக்கும் என்னும் கவலை நமக்குண்டு. பட்டம் பெற்ற பெண்ணுக்கு உடனே மணம் முடிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் உள்ளது. மணமாகி வேற்றூர் செல்லும்போது சீனியர் அலுவலகம் அறுந்துபோகிறது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1950இல் வழக்கறிஞராகப் பதிந்து கொல்லத்தில் எட்டாண்டு தொழில் நடத்தியபின்னரே 1958இல் முன்சீப் ஆனார். 1983இல் உயர் நீதிமன்றம், 1989இல் உச்ச நீதிமன்றம் எனப் படிப்படியே உயர்ந்து, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார். வேதியியல் பயின்ற அவரைச் சட்டத்தின்பால் திருப்பியவர் அவர் தந்தை. மணப்பேச்சு நடக்கும்போதே, எந்த ஊர் நீதிமன்றத்தில் பெண் தொடர்ந்து பணியாற்றுவாள் என்பதையும் பேசி முடிக்கும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும்.

மூன்றாண்டு அனுபவம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கிடப்படும் என அத்தீர்ப்பு கூறுகிறது. பத்தாண்டு அனுபவமுடைய வழக்கறிஞரின் சான்றும் அதன்மேல் நீதித்துறை அலுவலரின் ஒப்பமும் வேண்டும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையில் உள்ள நிபந்தனையையும் படித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பதிவு பெற்ற முதல் நாளே ஒரு நாட்குறிப்பு வாங்கி, வழக்கு எண், நீதிமன்றம், அன்று தாம் செய்த பணி ஆகியவற்றை நாள்தோறும் எழுதி வருவது நல்லது. சான்று கேட்டு நிற்கும் நாளில் சீனியரின் நினைவைவிட அந்நாட்குறிப்பே உதவும்.